ஞாயிற்றுக்கிழமை ஓடாத பஸ்

அத்தியாயம் 17

வாசல் மணி பதினொன்று ஐந்துக்கு அடித்திருக்க வேண்டும். பத்து ஐம்பத்தெட்டுக்கே அடித்துவிட்டது. பஸ் முன்னதாக வருவது அட்டவணையம்மாவுக்கு எப்போதுமே பிடிக்காது. இன்றைக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை.

"பாப்பா, நீ இன்னும் கிளம்பலையா?" என்று குரலை அடக்கிக்கொண்டு கத்தினாள்.

படுக்கையறையிலிருந்து பதில் வரவில்லை. எப்படி வரும்? மகள் கிளம்பிப் போய் ஒரு மணி நேரம் ஆகிறது. போன் பழுது பார்க்கும் இடத்தில் டோக்கன் வாங்க வேண்டும், நேரமாகிவிடும் என்று இவளே விரட்டி அனுப்பினாள். பதற்றத்தில் அதுவும் மறந்து போயிற்று.

புதிதாக வந்து உட்கார்ந்திருப்பவர்களுக்கு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். கூடவே வருகிறவர்கள் அதற்குள் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு வரலாம்.

அட்டவணையம்மாவும் இப்போது வாசலில் நிற்பவளும் பஸ் கழக அலுவலகத்தில் ஒரே மேசையில் இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்தவர்கள். இவள் பஸ் நேரங்களை எழுதுவாள். அவள் சரிபார்ப்பாள். அதனால் இவள் அட்டவணையம்மா, அவள் செக்கர். பஸ்ஸில் ஏறி டிக்கெட் கேட்கிற செக்கர் இல்லை, ஆனால் பார்வை என்னவோ அதே பார்வைதான். ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருஷம் செக்கரின் மகனுக்கும் அட்டவணையம்மாவின் மகளுக்கும் கல்யாணம் நடந்தது. சிநேகிதிகள் சம்பந்திகள் ஆனார்கள்.

பத்தொன்பது நாளைக்கு முன்னால் அந்த மகள் இரண்டு பெட்டியோடு வந்து இறங்கினாள். "உன்னைப் பார்க்கணும் போல இருந்துச்சும்மா" என்றாள். அம்மாவைப் பார்க்க எதற்கு இரண்டு பெட்டி?

மூன்றாம் நாள் விஷயம் வெளியே வந்தது. மாப்பிள்ளை தண்ணீர் வாரியத்தில் பம்ப் மெக்கானிக். பதவி உயர்வோடு தூரத்து ஊருக்கு மாற்றல் வந்திருக்கிறது. சரி என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, அதற்கப்புறம் வீட்டுக்கு வந்து சொல்லியிருக்கிறார். மகளுக்கோ ஆஸ்பத்திரி லேபில் நாலு வருஷம் காத்திருந்து, அந்த மாதம்தான் வேலை நிரந்தரமாகியிருந்தது. "முன்னாடியே சொன்னா நான் வேண்டாம்னு சொல்லிடுவேனாம், அதனாலதான் சொல்லலையாம்" என்றாள் மகள்.

நேற்று மாலை செக்கர் போன் செய்தாள். "நாளைக்கு வரேன்" என்று வைத்துவிட்டாள்.

மகளின் வாழ்க்கை என்னாகுமோ என்ற கவலை அட்டவணையம்மாவைத் தின்றது உண்மை. அதற்குப் பின்னால், வெளியே சொல்ல வெட்கமாக இருக்கிற இன்னொரு கவலையும் இருந்தது. இந்தக் கல்யாணம் முறிந்தால் செக்கரும் போய்விடுவாள். கணவர் போன பிறகு, இந்த உலகத்தில் அவளை 'ஏன்டி' என்று கூப்பிட மிச்சமிருந்தது அந்த ஒருத்திதான்.

மணி மறுபடி அடித்தது. கதவைத் திறந்தாள்.

"வாங்க சம்பந்தி, வாங்க!"

செக்கர் மூன்று மாடி ஏறிய மூச்சு வாங்கலோடு, தோளில் பெரிய துணிப்பை தொங்க நின்றாள். கழுத்தை நீட்டி உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"யாராவது வந்திருக்காங்களா?"

"இல்லையே, நான் மட்டும்தான்."

"அப்புறம் எதுக்குடி சம்பந்தி?"

அட்டவணையம்மாவுக்கு அசடு வழிந்தது. நாலு பேர் முன்னால்தான் அவர்களுக்குள் வாங்க, போங்க, சம்பந்தி எல்லாம். தனியாக இருந்தால் வாடி போடிதான்.

"லிஃப்ட் எப்பதான்டி சரியாகும்?"

"எழுதிப் போட்டிருக்கோம்."

"எப்போ?"

"போன வருஷம்."

"நல்லா இருக்கு. அடுத்த தடவை நான் கீழேயே நிக்கறேன், நீ கூடையில டீயை இறக்கு."

துணிப்பையை வாங்கப் போனவளின் கையைச் செக்கர் தட்டிவிட்டாள். அதைத் தானே கொண்டுபோய் சோபாவின் மூலையில் பத்திரமாக வைத்தாள். உப்பிக்கொண்டிருந்த அந்தப் பைக்குள் என்ன இருக்கிறது என்று அவள் சொல்லவில்லை.

டீ வந்தது. பயணக் கதையும் வந்தது.

"பக்கத்து சீட்டுல ஒரு ஆளு. ஏறினதும் தூங்கினவன் என் தோள்ல சாஞ்சவன்தான், ரெண்டு மணி நேரம்! எழுப்பினா, 'மன்னிச்சுக்கோங்கம்மா'ன்னு சொல்லிட்டு மறுபடி சாயறான். இவ்வளவு மரியாதையா என் தோள்ல யாரும் தூங்கினதில்லடி."

"உன் நாத்தனார் வந்தாங்களே, போயிட்டாங்களா?"

"ரெண்டு நாள்னு வந்தாங்க, பதினாறு நாள் இருந்தாங்க. என் அடுப்படியில ஒரு டப்பா பழைய இடத்துல இல்ல. சர்க்கரை எங்கன்னு நான் என் வீட்டுல இருந்துக்கிட்டே அவங்களுக்குப் போன் பண்ணிக் கேட்கறேன். உன் பல்லு?"

"ஒண்ணைப் பிடுங்கியாச்சு. இன்னொண்ணை அடுத்த மாசம் பார்க்கலாம்னார் டாக்டர். மேல் வீட்டுல தண்ணி ஒழுகி, குளியலறைச் சுவர் எல்லாம் ஊறிக் கிடக்கு. கேட்டா, எங்க தண்ணி இல்லங்கறாங்க."

"அப்ப மழையா பெய்யுது உள்ள?"

இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரிப்பு நின்ற இடத்தில் ஒரு பள்ளம் விழுந்தது. வழக்கமாக இந்த இடத்தில்தான் பிள்ளைகளைப் பற்றிய பேச்சு வரும். ஒருத்தி கேட்காமல் விட்டாலே சந்தேகம்.

"பசங்க எப்படி இருக்காங்க?" என்று அட்டவணையம்மா கோப்பையைப் பார்த்துக் கேட்டாள்.

"அவங்களுக்கென்ன, ஜம்முனு இருக்காங்க. புதன்கிழமை ராத்திரி என் வீட்டுக்கு வந்தாங்க. உங்க பொண்ணுதான் சமைச்சா. இவன் ரெண்டாவது தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்."

புதன்கிழமை ராத்திரி மகள் இதே சோபாவில், இரண்டு வாய்க்கு மேல் இறங்காமல் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்படியானால் செக்கருக்குத் தெரியும். தெரிந்துதான் பொய் சொல்கிறாள். 'உங்க பொண்ணு' என்றாளே, அந்த மரியாதையே காட்டிக் கொடுத்துவிட்டது. அந்த நிமிஷமே அட்டவணையம்மா உண்மையைக் கொட்டியிருக்கலாம். ஆனால் பயந்த வாய் தன் போக்கில் ஓடியது.

"இங்கயும் வந்தாங்களே! போன ஞாயித்துக்கிழமை. காலைல ஒன்பது நாற்பது பஸ்ல வந்து இறங்கினாங்க. சாயங்காலமே கிளம்பிட்டாங்க. உங்க பையன் சும்மா உட்காரலையே, அந்த ஃபேனைக் கழட்டித் துடைச்சு மாட்டிட்டுத்தான் போனார்."

இரண்டு பேரும் அண்ணாந்து பார்த்தார்கள். ஃபேனின் மூன்று இறக்கையிலும் கட்டைவிரல் கனத்துக்குத் தூசி இருந்தது.

"நல்லா துடைச்சிருக்கான்" என்றாள் செக்கர்.

ஞாயிற்றுக்கிழமை அவள் மகன் அவள் வீட்டுக் குழாயின் முன்னால் உட்கார்ந்திருந்தான். ஒழுகாத குழாயைக் கழற்றுவதும் மாட்டுவதுமாகக் காலையிலிருந்து மாலைவரை இருந்தான். தட்டு வைத்தால் சாப்பிட்டான், உப்பில்லை என்றுகூடச் சொல்லவில்லை.

ஆக, இவள் பொய் சொல்கிறாள் என்று அவளுக்கும் தெரியும், அவள் பொய் சொல்கிறாள் என்று இவளுக்கும் தெரியும். ஆனாலும் இரண்டு பேரும் ஆறிப்போன டீயை ஊதி ஊதிக் குடித்தார்கள். எனக்கே இவர்களைப் பிடித்து உலுக்க வேண்டும் போலத்தான் இருக்கிறது.

இந்தக் கூத்துக்கு ஒரு காரணம் உண்டு. கல்யாணத்தன்று மண்டபத்துச் சமையலறையில், கழுவாத அண்டாக்களுக்கு நடுவில் நின்று இருவரும் ஒரு ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். பிள்ளைகளின் சண்டையைத் தூக்கிக்கொண்டு ஒருத்தி இன்னொருத்தியிடம் வரக் கூடாது. கட்சி கட்டக் கூடாது. நமக்குள் அவர்களைப் பற்றி நல்ல சேதி மட்டும்தான். யோசித்துப் பார்த்தால் நல்ல ஒப்பந்தம்தான். நல்ல சேதி இல்லாத நாளில் என்ன செய்வது என்று இரண்டு கெட்டிக்காரிகளுக்கும் தோன்றவில்லை.

சாப்பாடு ஆயிற்று. கை கழுவப் போன செக்கர் குளியலறையில் கொஞ்சம் அதிக நேரம் நின்றாள். ஒரு ஆள் வீட்டில் கண்ணாடிக்குக் கீழே இரண்டு பல் துலக்கும் பிரஷ்கள் இருந்தன. வெளியே வந்தாள். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, அட்டவணையம்மா கழுவித் தந்த தட்டுகளைத் துடைக்க ஆரம்பித்தாள்.

"ஏன்டி."

"ம்?"

"ஞாயித்துக்கிழமை ஒன்பது நாற்பது கிடையாது."

தட்டு கை நழுவித் தொட்டியில் விழுந்தது.

"நாமதானேடி அதை நிறுத்தினோம்? ஞாயித்துக்கிழமை அந்த நேரத்துல டிரைவரும் கண்டக்டரும் மட்டும்தான் போயிட்டு வராங்கன்னு நீதான் எழுதின. நான்தான் படிச்சேன்."

அட்டவணையம்மாவின் முகம் காதுவரை சிவந்தது. பொய் பிடிபட்டதற்கு அல்ல, முதல் வெட்கம் அந்தப் பஸ்ஸுக்குத்தான். இருபத்திரண்டு வருஷத்தில் ஓடாத பஸ்ஸை அவள் ஒருநாளும் ஓட விட்டதில்லை.

"திரும்ப விட்டிருப்பாங்க" என்று முனகினாள்.

"விடல. இறங்கினதும் பழக்கத்துல போர்டைப் பார்த்துட்டுத்தான் வரேன்."

பிள்ளைகளைப் பற்றி வாய் திறக்க ஒப்பந்தம் இடம் கொடுக்காது. பஸ்ஸைப் பற்றிப் பேச யார் தடுக்க முடியும்? செக்கர் காலையிலிருந்து தேடிக்கொண்டிருந்த சந்து அதுதான். புகுந்துவிட்டாள்.

"கையைத் துடைச்சுட்டு வந்து உட்காரு. நான் படிக்கறேன்."

அட்டவணையம்மாவுக்குப் புரிந்தது. அவர்கள் வேலை செய்த விதம் அப்படி. எழுதியவள் தன் எழுத்தைத் தானே சரிபார்க்கக் கூடாது. செக்கர் ஒவ்வொரு வரியாக உரக்கப் படிப்பாள். அட்டவணையம்மா கண்ணை மூடிக்கொண்டு அந்தப் பஸ்ஸை மனதுக்குள் ஓட்டிப் பார்ப்பாள். குறுகலான பாலத்தில் இரண்டு பஸ் எதிரெதிரே வந்தாலோ, டிரைவருக்கு டீ குடிக்க நேரம் இல்லாமல் போனாலோ 'நில்லு' என்பாள். நில்லு என்று சொல்லாவிட்டால் அந்த வரி சரி என்று அர்த்தம்.

சமையலறை மேசையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்தார்கள். அட்டவணையம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

"உன் பொண்ணு பத்தொன்பது நாளா இங்க இருக்கா" என்று படித்தாள் செக்கர், கையில் காகிதமே இல்லாமல்.

பதில் இல்லை.

"என் பையன் பத்தொன்பது நாளா என் வீட்டுல இருக்கான்."

பதில் இல்லை. மூடிய கண்ணிலிருந்து ஒரு சொட்டு மட்டும் இறங்கியது.

"அவளைக் கேட்காம கையெழுத்துப் போட்டது தப்பு. நான் அவன்கிட்டயே சொல்லிட்டேன்."

பதில் இல்லை.

"அடுத்த மாசம் ஒண்ணாம் தேதி அவன் அங்க வேலையில சேரணும். இன்னும் ஒன்பது நாள் இருக்கு. போவானா மாட்டானான்னு எனக்குத் தெரியல."

பதில் இல்லை.

"இது முறிஞ்சு போனா" என்ற இடத்தில் செக்கரின் குரல் தடுமாறியது. "முறிஞ்சு போனா, நீயும் நானும் இப்படி உட்கார்ந்து பேச முடியாது."

"நில்லு" என்றாள் அட்டவணையம்மா.

"தப்பா?"

"தெரியலடி. ஆனா நில்லு."

கண்ணைத் திறந்தபோது செக்கரும் அழுதுகொண்டிருந்தாள். இருபத்திரண்டு வருஷமும் அதற்கு மேல் மூன்று வருஷமும் பழகியதில், அவள் அழுது இவள் பார்த்தது இரண்டே தடவை. மேசைக்கு மேலாகக் கையை நீட்டினாள். பாத்திரம் கழுவிச் சில்லிட்டிருந்த அந்தக் கையைச் செக்கர் இறுக்கப் பிடித்துக்கொண்டாள். எவ்வளவு நேரம் என்று இருவருமே கணக்குப் பார்க்கவில்லை.

"அந்தப் பையை எடுத்துட்டு வா" என்றாள் செக்கர் கடைசியில்.

பைக்குள் ஒரு தலையணை இருந்தது. தட்டையான, ஒரு பக்கம் மட்டும் உப்பிய, ஊரில் வேறு யாரும் தலை வைக்க முடியாத தலையணை. அட்டவணையம்மாவின் மகள் கல்யாணமாகிப் போகும்போது இங்கிருந்து தூக்கிக்கொண்டு போனது.

"இவன்தான் கட்டிக் கொடுத்தான். இது இல்லாம அவளுக்குத் தூக்கம் வராதும்மா, நீ போறதானா கொடுத்துடுன்னான். வேற ஒண்ணும் சொல்லல. ஒரு தலையணையை மடியில வச்சுக்கிட்டு நாலு மணி நேரம் வந்தேன்டி நான். அந்தத் தூங்குமூஞ்சி ஆளு இதைப் பார்த்திருந்தா என் தோளை விட்டிருப்பான்."

அழுகைக்கு நடுவில் சிரிப்பு வந்துவிட்டது. மூக்கைச் சிந்திக்கொண்டு இருவரும் சிரித்துக்கொண்டிருந்தபோது வாசல் கதவைச் சாவி போட்டுத் திறக்கும் சத்தம் கேட்டது.

மகள் உள்ளே வந்தாள். மாமியாரைப் பார்த்தாள். அம்மாவின் மடியில் தலையணையைப் பார்த்தாள். கைப்பையை மெதுவாகக் கீழே வைத்தாள்.

"வாங்க அத்தை."

"வந்துட்டேம்மா. காலைலயே."

"போன் என்னாச்சு?" என்றாள் அம்மா, எதையாவது கேட்க வேண்டுமே என்று.

"என் டோக்கன் எழுபத்தி மூணு. அறுபத்தி எட்டுல சாப்பாட்டுக்குப் போயிட்டாங்க. திரும்பி வந்து, வச்சுட்டுப் போங்க, நாளைக்கு வாங்கன்னுட்டாங்க." மகள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "அத்தை, உங்களை ஒண்ணு கேட்கலாமா?"

"கேளும்மா."

"நான் திரும்பி வரலன்னா நீங்க இந்த வீட்டுக்கு வருவீங்களா?"

"என்ன பேச்சு பாப்பா இது, வந்தவங்ககிட்ட" என்று அம்மா பதறினாள்.

"பத்தொன்பது நாளா இதைத்தாம்மா யோசிக்கறேன். எனக்கும் அவருக்கும் நடந்ததை யோசிக்கலாம்னு உட்கார்ந்தா, நீங்க ரெண்டு பேரும் நடுவுல வந்து உட்கார்ந்துக்கறீங்க. நான் வேண்டாம்னு சொன்னா உனக்கு யார் இருக்கா? அதுக்காகவே போயிடலாம்னுகூடத் தோணுது. அப்படிப் போனா அது அவருக்காகப் போறது இல்ல, உனக்காகப் போறது. அது அவருக்கும் பாவம்தானே?"

தன் பயம் தனக்குள்ளேயே இருக்கிறது என்றுதான் அட்டவணையம்மா இத்தனை நாளும் நினைத்திருந்தாள். பெற்ற மகள் அதைப் பார்த்து, அதையும் ஒரு பெட்டியாகத் தூக்கிச் சுமந்துகொண்டிருக்கிறாள். வெட்கத்தில் தலை குனிந்தது. குனிந்த தலையை வலுக்கட்டாயமாக நிமிர்த்திக்கொண்டாள்.

"எனக்கு இவ வேணும். பொய் சொல்ல மாட்டேன், இன்னிக்குச் சொன்னதே போதும். ஆனா உன்னைக் கொடுத்து வாங்கற சிநேகம் எனக்கு வேண்டாம். எனக்காக நீ அங்க போகாதே. எனக்காக இங்கயும் இருக்காதே."

மகள் செக்கரின் பக்கம் திரும்பினாள்.

'கண்டிப்பா வருவேம்மா' என்று சொல்லி அணைத்துக்கொள்ள எத்தனை நேரமாகும்? வேறொருத்தியாக இருந்தால் அப்படித்தான் செய்திருப்பாள். இவள் செக்கர்.

"உடனே வர மாட்டேன்" என்றாள். "நீ வரலன்னா, என் பையன் முகத்தைத் தினமும் நான்தானே பார்க்கணும்? அதைப் பார்த்துட்டு இங்க வந்து உங்கம்மாகூடச் சிரிச்சுப் பேச எனக்குக் கொஞ்ச நாள் ஆகும். ஒரு மாசமோ, ஒரு வருஷமோ, தெரியல. உன் மேல கோபம்கூட வரும். ஆனா வருவேன். படியேறும்போது மூணு மாடியும் உங்க ரெண்டு பேரையும் திட்டிக்கிட்டே வருவேன்."

மகள் அழுதாள். வந்த நாளிலிருந்து முதல் தடவையாக, சின்னப் பெண் போல வாயைத் திறந்து அழுதாள். அம்மா எழுந்து போய் அவள் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துக்கொண்டாள். செக்கர் எழவில்லை. தலையணையை மட்டும் எடுத்து, தட்டி, உப்பிய பக்கம் மேலே வரும்படி திருப்பி மகளின் மடியில் வைத்தாள்.

"அழுது முடிச்சுட்டு முகத்தைக் கழுவிக்கோ. என்னை பஸ் ஸ்டாண்டுவரைக்கும் கொண்டுவிடணும். எனக்கு நாலு இருபது."

"நானும் வரேன்" என்று அட்டவணையம்மா செருப்பைத் தேடினாள்.

"நீ இரும்மா" என்றாள் மகள்.

படியில் இரண்டு பேரின் காலடிச் சத்தமும் இறங்கித் தேய்ந்தது. செக்கர் ஒவ்வொரு திருப்பத்திலும் லிஃப்டைத் திட்டுவது முதல் மாடிவரை கேட்டது.

அட்டவணையம்மா தனியாக உட்கார்ந்தாள். பஸ் ஸ்டாண்டிலிருந்து வீட்டுக்குப் பதின்மூன்று நிமிஷ நடை. நாலு இருபது கிளம்பும்போது நாலு இருபத்தைந்து ஆகும், அந்த டிரைவர் டீயை நின்று நிதானமாகத்தான் குடிப்பார். எப்படிப் பார்த்தாலும் நாலு நாற்பதுக்கு மகள் திரும்பியிருக்க வேண்டும்.

நாலு நாற்பது ஆயிற்று. ஐந்து ஆயிற்று. கேட்கலாம் என்றால் மகள் கையில் போன் இல்லை. காய்ந்த துணிகளை மடித்தாள். மடித்த துணிகளைப் பிரித்து மறுபடி மடித்தாள். அதே பஸ்ஸில் ஏறிப் போய்விட்டாளோ? போயிருந்தால் நல்லதா, கெட்டதா? எழுந்துபோய்ப் பார்த்தாள். இரண்டு பெட்டியும் கட்டிலுக்கடியில்தான் இருந்தன.

ஐந்து முப்பத்தைந்துக்கு மகள் வந்தாள். முகம் கழுவியிருந்தாள், கண் மட்டும் வீங்கியிருந்தது. மாமியாரும் மருமகளும் அந்த நேரமெல்லாம் என்ன பேசினார்கள், அல்லது பஸ் போன பிறகு இவள் யார் போனிலாவது யாரோடாவது பேசினாளா என்று கேட்க அம்மாவின் நாக்கு துடித்தது. கேட்கவில்லை. டீ போட்டுக் கொடுத்தாள்.

மகள் பாதி குடித்துவிட்டுக் கேட்டாள்:

"அம்மா, அவருக்கு மாத்தலாகியிருக்கே, அந்த ஊருக்கு இங்கேருந்து பஸ் உண்டா?"

"நேர் பஸ் இல்ல. நடுவுல ஜங்ஷன்ல இறங்கி மாறணும்."

"நாளைக்கு நான் மட்டும் போய்ப் பார்க்கப் போறேன். அந்த ஊர் எனக்குப் பிடிக்குமா, பிடிக்காதான்னு அவர் கேட்கல. நானும் என்னைக் கேட்டுக்கல. அங்க ஒரு ஆஸ்பத்திரி இருக்கா, ஒரு லேப் இருக்கான்னுகூடப் பார்க்காம கிளம்பி இங்க வந்துட்டேன்." கோப்பையைச் சுற்றிக்கொண்டே இருந்தாள். "போய்ப் பார்த்தப்புறமும் வேண்டாம்னு சொல்லலாம். ஆனா அது நானா சொன்னதா இருக்கும்."

மாப்பிள்ளைக்குத் தெரியுமா? ஒருவேளை அவரும் அங்கே வருகிறாரா? நான் துணைக்கு வரட்டுமா? மூன்று கேள்வியும் தொண்டைவரை வந்து நின்றன. அட்டவணையம்மா மூன்றையும் விழுங்கினாள்.

"முதல் பஸ் எப்பம்மா?"

கண்ணை மூடிக்கொண்டாள். அந்தப் பஸ்ஸை முழுத் தூரமும் ஓட்டிப் பார்த்தாள். இந்தத் தடவை அதற்குள் ஜன்னலோரமாக அவள் மகள் உட்கார்ந்திருந்தாள்.

"ஆறு பத்து. இடது பக்கம் உட்காரு, வெயில் படாது. ஜங்ஷன்ல இறங்கி எதிர்ப்பக்கம் போய் நில்லு. பன்னிரண்டு நிமிஷம் இருக்கு, ஓடாதே. அடுத்த பஸ்ஸுல ரோடு மோசமா இருக்கும், பின் சீட்டு வேண்டாம்."

"சரிம்மா."

அட்டவணை எழுதிய காலத்தில், போகிற நேரத்தை எழுதினால் பக்கத்துக் கட்டத்தில் திரும்புகிற நேரத்தையும் எழுதியாக வேண்டும். அந்தக் கட்டத்தை அவள் ஒருநாளும் காலியாக விட்டதில்லை. அந்த ஊரிலிருந்து இந்த வீட்டுக்கு வரும் பஸ்ஸும் அவளுக்குத் தெரியும். செக்கரின் ஊருக்குப் போகும் பஸ்ஸும் தெரியும். இரண்டும் நுனி நாக்கில் இருந்தன.

மகள் கேட்கவில்லை. அம்மாவும் சொல்லவில்லை.